அந்த மாத்திரையில் என்ன இருக்கிறது?
தோலில் செதில் செதிலாகத் திட்டுகள் படரும் சோரியாசிஸ் நோய் திடீரென உடல் முழுவதும் பரவுவதற்கு மன உளைச்சலே காரணம் என்று நான் படித்த கட்டுரை ஒன்று முடிவு கட்டிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்கும் பங்கு உண்டுதான். ஆனால் ஸ்டீராய்டு மாத்திரையை உட்கொண்டுவிட்டுச் சட்டென நிறுத்துவதும் நோயைக் கொழுந்துவிட்டு எரியச் செய்யும். பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கும் என் அண்ணன், முழங்கையில் இருந்த திட்டுகளுக்காகப் பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் ஏதோ ‘மூலிகை’ மாத்திரை வாங்கி விழுங்கினார். செதில்கள் மறைந்தன, முகம் மட்டும் உப்பிக்கொண்டே வந்தது. மாத்திரை தீர்ந்ததும் தலை முதல் பாதம் வரை சிவந்து, போர்வைக்குள்ளேயே குளிரில் நடுங்கினார். விரிப்பை உதறினால் செதில் கை நிறையக் கொட்டியது. இந்த நிலையில் உடற்சூடும் நீரும் தோல் வழியே வெளியேறிவிடும், உயிருக்கே ஆபத்து என்று சொல்லி மருத்துவமனையில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். மூலிகைக்குப் பக்கவிளைவே கிடையாது என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்திட்ட ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, இப்படி விற்கப்படும் பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்து எச்சரித்திருக்கிறது. பெட்டியில், இங்கே முறையாகப் பதிவான மருந்துக்குரிய ‘எம்ஏஎல்’ (MAL) பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அண்ணனுக்கு இப்போது மருத்துவர் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் என்ற சோரியாசிஸ் மருந்து, அதுவும் வாரத்தில் ஒரு நாள் மட்டும். கல்லீரலுக்காக அவ்வப்போது இரத்தப் பரிசோதனை. அப்படிப்பட்ட மாத்திரையை ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் தாங்களாக நிறுத்திவிடாமல், மிச்சத்தையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.