நேர்முகத்தேர்வுக்குப் போய் வந்த பிறகு கேட்பதற்கு என்ன பயம்?

போன கிழமை, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். தங்கச்சி திண்ணையில் போனை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாள். எடுத்துப் பார்க்கிறாள், வைக்கிறாள், திரும்பவும் எடுக்கிறாள். மட்டக்களப்பு டவுனில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு உதவியாளர் வேலைக்கு நேர்முகத்தேர்வு முடிந்து 18 நாள். "ஒரு கிழமையில சொல்லுவம்" என்று அனுப்பியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

"நீ கேட்டியா புள்ள?" என்றேன்.

"கேட்டா அந்தரப்படுறாள் எண்டு நினைப்பாங்க அக்கா."

குசினிக்குள் இருந்து பெரியம்மா, "ஆரையும் பிடிச்சாத்தான் மகள் அலுவல் நடக்கும். மாமாக்கிட்டச் சொல்லுவம், அவருக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கு" என்கிறார்.

மனம் கேட்கவில்லை. இந்த இரண்டைத்தான் நம் பிள்ளைகளுக்குப் பழக்கி வைத்திருக்கிறோம். வாய் மூடிக் காத்திரு, இல்லாவிட்டால் ஆள் பிடி. விண்ணப்பித்தவரே நேராகக் கேட்கலாம் என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

நான் நாலு வருடமாக எங்கள் அலுவலகத்தில் நேர்முகக் குழுவில் இருக்கிறேன். பதில் வராவிட்டால் பிள்ளைகள் "என்னை வேண்டாம் என்று விட்டார்கள்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பல நேரம் விண்ணப்பக் கோவை கொழும்புத் தலைமை அலுவலகத்தில் கையெழுத்துக்குக் கிடக்கும். முகாமையாளர் லீவில் இருப்பார். முதலில் தெரிவான பிள்ளை வேறு வேலை கிடைத்துப் போயிருக்கும். அப்போது அடுத்தது யார் என்று கோவையைப் புரட்டும்போது, "இன்னும் விருப்பத்தோடு இருக்கிறேன்" என்று எழுதிய பிள்ளையைத்தான் முதலில் கூப்பிட்டுப் பார்ப்போம். ஆளை விட்டுச் சொல்வித்த பிள்ளை திறமைசாலியாக இருந்தாலும் எனக்கு ஒரு நெருடல் வந்துவிடும். இப்படி நினைப்பது நான் மட்டும் இல்லை.

கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. நேர்முகம் முடிந்து எழும்ப முதலே, "முடிவு எப்போது தெரியும், யாரிடம் கேட்கலாம்?" என்று கேட்டுவிட வேண்டும். அன்று பின்னேரமோ அடுத்த நாளோ நன்றி சொல்லி நாலு வரியில் மின்னஞ்சல். சொன்ன நாள் கடந்தால் இரண்டு மூன்று வேலை நாள் பொறுத்து ஒரு அழைப்பு. காலையில் கதவு திறந்த கையோடு எடுக்காமல் பத்து மணிக்குப் பிறகு எடுங்கள். பெயர், பதவி, நேர்முகம் நடந்த திகதி மூன்றையும் முதலே சொல்லுங்கள். இன்னும் ஒரு கிழமை பார்த்து ஒருமுறை கேட்கலாம். அதோடு விட்டுவிட்டு அடுத்த இடம் பார்க்க வேண்டியதுதான். தினமும் எடுப்பது, இரவில் முகாமையாளரின் வாட்ஸ்அப்புக்கு எழுதுவது எல்லாம் கூடாது.

அரச வேலை வேறு கதை. அங்கே போன் எடுத்து முடிவு மாறாது. ஆனால் உங்கள் நேர்முகப் புள்ளி என்ன என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் தன் முடிவைச் சொல்ல வேண்டும். அதுவும் கேட்பதுதான், அதில் கெஞ்சல் இல்லை.

தங்கச்சியை அன்றே எழுதச் சொன்னேன். முதல் எழுதியதில் மூன்று இடத்தில் "தயவுசெய்து". நடுவில் வீட்டுக் கஷ்டம். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று அரைவாசி ஆங்கிலம் வேறு. விளம்பரம் தமிழில் வந்தது, நேர்முகமும் தமிழில் நடந்தது, பிறகு என்ன? எல்லாவற்றையும் அழித்து இப்படி எழுதினாள்:

"வணக்கம். இம்மாதம் 4ஆம் திகதி கணக்கு உதவியாளர் பதவிக்கான நேர்முகத்தேர்வுக்கு வந்திருந்தேன். ஒரு கிழமையில் அறிவிப்பதாகச் சொன்னீர்கள். முடிவு எந்த நிலையில் உள்ளது என்று அறியத் தருவீர்களா? இந்த வேலையில் எனக்குத் தொடர்ந்தும் விருப்பம் உண்டு. நன்றி."

அனுப்பும் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். "அழுத்து" என்றேன்.

வேலை கொடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை எங்கள் பக்கத்துச் சனம் பாதையில் (ஆள், வாகனம் ஏற்றும் மிதவையில்) ஏறி ஆற்றைக் கடந்துதான் டவுனுக்கு வந்தது. இப்போது பாலம் இருக்கிறது. ஆனாலும் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் அரைநாள் போய்விடும். கூலி வேலையை விட்டுவிட்டு அப்பா கூடவே வருகிறார். அப்படி வந்து உங்கள் முன்னால் இருந்துவிட்டுப் போன பிள்ளைக்கு "நீங்கள் தெரிவாகவில்லை" என்று ஒரு வரி அனுப்ப எவ்வளவு நேரம் போகும்? எங்கள் அலுவலகத்திலும் முன்பு அனுப்புவதில்லை. சண்டை பிடித்துத்தான் இரண்டு வருடமாக எல்லோருக்கும் அனுப்புகிறோம். ஐந்து பேரைக் கூப்பிட்டால் ஐந்து பேருக்கும் பதில் போகும்.

தங்கச்சிக்கு அடுத்த நாள் மத்தியானம் பதில் வந்தது. அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்களாம். இன்னொரு வெற்றிடம் வந்தால் கூப்பிடுவதாகவும் எழுதியிருந்தார்கள். கொஞ்சம் அழுதாள். பின்னேரம் எனக்குப் போன் எடுத்தாள். கல்முனையில் ஒரு இடத்துக்கு ஆள் கேட்டிருக்கிறார்களாம், சுயவிபரக் கோவையை ஒருக்கால் பார்த்துத் தரட்டாம்.