எட்டால் வகுத்தால் கோளாறு போய்விடுமா?

மொரீஷியஸில் எந்த இன்டர்நெட் கவுண்டருக்கு வேண்டுமானாலும் போய், "நெட் மெதுவாக இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். பதில் தயாராக இருக்கும்: "எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள், மிசியே." வந்தவர் வாயடைத்துப்போய்த் திரும்புவார். கணக்கு சரிதான். சரியான கணக்கைத் தப்பான இடத்தில் போட்டு ஆளை விரட்டுகிறார்களே, அங்கேதான் பற்றிக்கொண்டு வருகிறது.

வேகத்தை விற்பவர்கள் பிட்டில் சொல்கிறார்கள். கணினி ஃபைலை இறக்கும்போது பைட்டில் காட்டுகிறது. 8 பிட் ஒரு பைட். ஆக 20 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 20 மெகாபிட் என்றால் நொடிக்கு 2.5 மெகாபைட், 30 என்றால் 3.75, 100 என்றால் 12.5. ஆங்கிலத்தில் சின்ன 'பி' போட்டால் பிட், பெரிய 'பி' போட்டால் பைட். எட்டு மடங்கு வித்தியாசத்தை ஓர் எழுத்தின் உயரத்தில் தொங்கவிட்ட புண்ணியவான் யாரோ! போஸ்டர் அடிக்கிறவர் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கி அந்த அடையாளத்தையும் துடைத்துவிடுகிறார். இன்னும் சிலர் வெறுமனே '20 மெகா' என்று போடுகிறார்கள். மெகா என்ன, பூசணிக்காயா? போனைப் பிரெஞ்சில் வைத்திருப்பவர்கள் தப்பித்தார்கள்: 'எம்ஓ' என்று வந்தால் அது மெகாபைட்தான், குழப்பமே இல்லை.

இப்போது அந்தக் கவுண்டர் பதிலுக்கு வருவோம். ஸ்பீடு டெஸ்ட் காட்டும் எண் வழக்கமாக மெகாபிட்டில்தான் வரும். 20 எம்பிபிஎஸ் கட்டணம் கட்டுகிறவருக்கு அதில் 2.5 வந்தால், கொடுத்த காசுக்கு எட்டில் ஒரு பங்குதான் கிடைக்கிறது, அது கோளாறு. அதே 2.5 பிரவுசரின் டவுன்லோடு வரியில் மெகாபைட்டாக வந்தால் முழு வேகம். எண் ஒன்றுதான், நிலைமை நேர் எதிர். "எங்கே பார்த்தீர்கள்?" என்ற ஒரு கேள்வி போதும், எது என்று தெரிந்துவிடும். அதைக் கேட்கத்தான் அங்கே ஆள் இல்லை.

நம் ஆட்களையும் விடுவதற்கில்லை. 2.5 வர வேண்டிய இடத்தில் 2.3 வந்துவிட்டதாம், உடனே சண்டை. அனுப்புகிற ஒவ்வொரு 1,500 பைட் பாக்கெட்டிலும் 40 பைட் முகவரி விவரத்துக்கே போகிறது. ஈதர்நெட் எனும் கேபிள் இணைப்பு முறை தன் பங்குக்கு வெளியே இன்னும் 38 பைட் சேர்க்கிறது. 1,538-இல் உங்கள் சரக்கு 1,460 மட்டுமே. 5 சதவீதம் அங்கேயே காலி. போதாததற்கு, விண்டோஸ் ஒரு மெகாபைட்டை 10,48,576 பைட்டாக எண்ணுகிறது. இதற்கென்று 1998-லேயே மெபிபைட் என்று தனி அலகு வகுத்துக் கொடுத்தாகிவிட்டது. ஆப்பிள் 2009-இல் மேக்கைப் பத்து லட்சம் பைட் ஒரு மெகாபைட் என்னும் கணக்குக்கு மாற்றிவிட்டது. விண்டோஸ் அசைந்தபாடில்லை. எல்லாம் கழித்தால் 20 எம்பிபிஎஸ் இணைப்பு விண்டோஸில் 2.26 என்று காட்டினாலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. விண்டோஸ் 4 ஜிபி என்று காட்டும் படம் இறங்க அரை மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

2.26-க்கும் வெகு கீழே போனால்தான் தேட வேண்டும். முதல் சந்தேகம் வைஃபை மேல். 1960-இல் கரோல் புயல் அடித்த அடிக்குப் பிறகு இந்தத் தீவில் கான்கிரீட் வீடுகள் பெருகின. புயலுக்கு அசையாத சுவர் வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலையையும் உள்ளே விடாது. இரண்டு சுவர் தாண்டிப் படுக்கையறையில் உட்கார்ந்து டெஸ்ட் எடுத்துவிட்டு நிறுவனத்தைத் திட்டினால் எப்படி? வைஃபை பெட்டியிலிருந்து கேபிள் இழுத்து கணினியில் சொருகுங்கள். மற்ற போன், டிவி எல்லாவற்றையும் துண்டியுங்கள். ஈதர்நெட் அமைப்பில் லிங்க் வேகம் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். கிகாபிட்டுக்கு, அதாவது 1,000 எம்பிபிஎஸ்ஸுக்கு, கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். ஒரு கம்பி விட்டுப்போனாலும் சத்தமில்லாமல் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடக்கூடும். 20 எம்பிபிஎஸ்காரருக்கு அதனால் நஷ்டமில்லை. அப்படி இறங்கினால் 200 வாங்கியவர் 95-ஐத் தாண்டவே மாட்டார்.

பிறகு டெஸ்டை இரண்டு முறை எடுங்கள்: ஒன்று தீவுக்குள் இருக்கும் சர்வரில், இன்னொன்று ஐரோப்பாவில். ஸ்பீடு டெஸ்ட் தானாகப் பக்கத்து சர்வரைத்தான் பிடிக்கும். தலைநகர் போர்ட் லூயி வரை ரோடு நன்றாக இருக்கிறது என்று சான்றிதழ் தரும். நீங்கள் இறக்கும் ஃபைல் பாரிஸில் இருந்தால்? போய்வர 200 மில்லிசெகண்ட் ஆகிறது என்று வைத்தால், 'வந்து சேர்ந்தது' என்ற பதிலுக்குக் காத்திராமல் ஒரே தடவையில் 64 கேபி மட்டுமே அனுப்பும் (இந்த அளவுக்கு விண்டோ என்று பெயர்) பழைய மென்பொருள் ஓர் இணைப்பில் 2.6 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது, நீங்கள் கிகாபிட்டே வாங்கியிருந்தாலும்.

அப்லோடு தனிக் கொடுமை. பெரிய எண்ணைப் போஸ்டரில் போட்டுவிட்டு மேலேற்றும் வேகத்தைப் பொடி எழுத்தில் ஒளித்துவைப்பார்கள். அது 5 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 0.625 மெகாபைட். தைப்பூசத்தன்று கோர் தெ கார்த் மலைக் கோயிலில் எடுத்த 2 ஜிபி காவடி வீடியோவை உறவுக்காரர்களுக்கு அனுப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரே பில்லில் வேகம் பிட்டில், மாத அளவு பைட்டில் இருக்கிறதே, அதற்கு என்ன சமாதானம்? 20 எம்பிபிஎஸ், 100 ஜிபி என்று பக்கத்துப் பக்கத்தில் போட்டிருப்பார்கள். முழு வேகத்தில் ஓடினால் அந்த 100 ஜிபி 11 மணி நேரம் சொச்சத்தில் தீர்ந்துவிடும். மாதத்துக்கு வாங்கியது ஒரு பகலுக்கு! '20 மெகாபிட், அதாவது நொடிக்கு 2.5 மெகாபைட்' என்று ஒரு வரி சேர்த்து அச்சடித்தால் எவ்வளவு மை செலவாகிவிடும்?

அந்த வரி வரும்வரை புகாரை வாயால் சொல்லாதீர்கள். கேபிளில் எடுத்த இரண்டு டெஸ்ட் படங்கள், நேரம், எந்த ஊர் சர்வர், எண்ணுக்குப் பக்கத்தில் மெகாபிட் என்று முழுச்சொல் — இவ்வளவையும் எழுதி நீட்டுங்கள். அதற்குப் பிறகும் எட்டால் வகுக்கச் சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.