நிக்கான் லென்ஸ் எல்லாம் எல்லா நிக்கானிலும் ஓடுமா?

"நிக்கான் டி3500 கேமரா வாங்குங்க, மவுண்ட் (லென்ஸ் மாட்டுற வளையம்) ஒண்ணுதான், பழைய 50 எம்எம் எஃப்/1.8டி லென்ஸை மலிவா பிடிச்சுப் போட்டா அப்படியே வேலை செய்யும்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. பாதிதான் உண்மை. லென்ஸ் மாட்டும், படமும் எடுக்கும், வெளிச்ச அளவும் சரியாகவே காட்டும், ஆனால் ஆட்டோஃபோகஸ் (கேமரா தானே ஃபோகஸ் செய்வது) மட்டும் வராது.

காரணம் மோட்டார். இந்த 50 எம்எம் மாதிரி ஏஎஃப்-டி வகை லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, கேமராவுக்குள் இருக்கும் மோட்டார்தான் அதைத் திருப்ப வேண்டும், டி3500 அடங்கிய டி3000 வரிசையிலும் டி5000 வரிசையிலும் அந்த மோட்டாரே வைக்கவில்லை. கடையில் லென்ஸைக் கழற்றி மவுண்ட் வளையத்தைப் பாருங்கள்: டி7500-இல் ஸ்க்ரூடிரைவர் முனை மாதிரி ஒன்று துருத்திக்கொண்டிருக்கும், டி3500-இல் அது இருக்காது.

கையால் ஃபோகஸ் செய்யலாம்தான், வியூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் இடத்தில்) ஒரு புள்ளி எரிந்து உதவும், ஆனால் ஓடுகிற குழந்தையை அப்படிப் பிடிப்பது பெரிய பாடு.

கேனனில் இந்தத் தொல்லை இல்லை, 1987-இல் இஎஃப் மவுண்ட் வந்தபோதே மோட்டாரை லென்ஸுக்குள் வைத்துவிட்டார்கள். நிக்கான்தான் வேண்டுமா, அப்போ கொஞ்சம் கூடக் கொடுத்து உள்ளேயே மோட்டார் இருக்கும் ஏஎஃப்-எஸ் 50 எம்எம் எஃப்/1.8ஜி லென்ஸ் வாங்குங்கள்.