எரிந்த மலைக்காடு தானாகத் திரும்பிவிடுமா?

"1988இல் எரிந்த அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா தானாகவே தழைத்தது, எந்த மலைக்காடும் அப்படியே மீளும், கவலை வேண்டாம்" என்றொரு செய்தி பரவி வருகிறது. யெல்லோஸ்டோன் தழைத்தது உண்மை. அதை எல்லாக் காடுகளுக்கும் பொருத்துவது தவறு, கன்று நட வேண்டிய இடத்தில் கைகட்டி நிற்கச் செய்யும் தவறு.

அங்குள்ள லாட்ஜ்போல் பைன் மரங்கள் பலவற்றின் காய்கள் பிசினால் இறுக மூடியிருக்கும். தீயின் வெப்பத்தில் பிசின் உருகி, செதில்கள் விரிந்து, விதைகள் சாம்பல்மேல் கொட்டும். அமெரிக்காவின் கொலராடோ மாநில மலைச்சரிவுகளில் வளரும் பாண்டரோசா பைனுக்கு அந்த ஏற்பாடு இல்லை. தப்பிப் பிழைத்த தாய்மரத்திலிருந்துதான் விதை வர வேண்டும். அதில் பெரும்பகுதி சில பத்து மீட்டருக்குள் விழுந்துவிடுவதால், 2002இல் அங்கு பரவிய ஹேமன் காட்டுத்தீ முற்றாக அழித்த பெருந்திட்டுகளின் நடுப்பகுதி பெரிதும் புல்லும் புதருமாகவே கிடக்கிறது.

விதை வந்தாலும் போதாது. நிழலிழந்து கறுத்த தரை வெயிலில் கொதிக்க, வேர் ஆழம் பிடிக்காத நாற்று முதல் கோடையிலேயே கருகிவிடுகிறது. வெப்பமாதலின் அடி விழுவது இங்கேதான். அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில் 52 காட்டுத்தீக்கள் எரித்த ஏறத்தாழ 1,500 இடங்களை ஆராய்ந்தபோது, மரக்கன்றே முளைக்காத இடங்கள், 2000க்கு முந்தைய தீக்களில் 19 விழுக்காடாகவும் பிந்தையவற்றில் 32 விழுக்காடாகவும் இருந்தன. யெல்லோஸ்டோனிலேயே, 1988க்குப் பின் வளர்ந்த இளங்காட்டின் சில பகுதிகள், போதிய விதை சேருமுன் 2016இல் மீண்டும் எரிந்தன. அங்கே கன்றுகள் முன்போல் அடர்ந்து முளைக்கவில்லை.