பழைய ஓட்டு வீட்டை ஹோட்டல் ஆக்குமுன் தண்ணீர்க் கணக்கு போடுங்கள்

பத்மநாபபுரம் கோட்டைக்குள், சுசீந்திரம் ரத வீதிகளில், வடசேரிப் பக்கம் என்று மிச்சமிருக்கிற ஓட்டு வீடுகளை ‘ஹெரிடேஜ் ஹோட்டல்’ ஆக்கலாமா? தாராளமாக ஆக்கலாம். இல்லாவிட்டால் தூணுக்கு ஒரு விலை, கதவுக்கு ஒரு விலை என்று பிரித்து லாரியில் ஏற்றிவிடுவார்கள்.

ஆனால் பேச்சு எப்போதும் சரவிளக்கு, பாத்டப், இத்தாலிய மார்பிள் என்றே போகிறது. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. ராத்திரிக்குப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்துத் தங்குகிறவர் பூஞ்சை நாற்றம் இல்லாத, காய்ந்த அறையைத்தான் முதலில் எதிர்பார்ப்பார். பட்ஜெட்டில் முதல் பணம் தண்ணீரைத் தடுக்கவும் வெளியேற்றவும் போகட்டும். கானாடுகாத்தானில் செட்டிநாட்டு வீடுகளை அழகாக ஹோட்டல் ஆக்கியிருக்கிறார்கள், உண்மை. அது வறண்ட சீமை. அந்தக் கணக்கை இங்கே அப்படியே போட்டால் இரண்டாம் வருஷமே சுவர் பொரிந்துவிடும்.

கூரையில் தொடங்கலாம். மங்களூர் ஓடு ஒன்று சுமார் இரண்டரைக் கிலோ. நூறு சதுர அடிக்கு 140 ஓடு, அதாவது 350 கிலோ. அந்தப் பாரத்துக்குத்தான் கழுக்கோல், அதாவது கூரையின் சாய்வு மரச் சட்டம், போட்டிருக்கிறார்கள். ஒழுகுகிறது என்றதும் ஓட்டின் மேல் சிமெண்ட் பூசுகிறவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. பூச்சு வெயிலில் விரியும், விரிசலில் இறங்கிய தண்ணீருக்கு வெளியேற வழி இருக்காது, ஓடு உட்கார்ந்திருக்கும் ரீப்பர் சட்டம் கறுத்து உளுத்துப்போகும். ஓட்டுக் கூரை பிரித்து மேய்வதற்காகவே செய்தது. ஓட்டை இறக்கிப் பாசி தேய்த்து, உடைந்ததை மாற்றி, கோணிய ரீப்பரை நேராக்கி மறுபடி அடுக்கினால் போதும். வேலையை ஜனவரியில் ஆரம்பித்தால் மே மாதத்துக்குள் முடிக்கலாம். இறவாரத்தை மட்டும் வெட்டாதீர்கள். ஏசி வெளி யூனிட்டுக்கு இடம் வேண்டும் என்று இரண்டடி வெட்டினால் கூரைத் தண்ணீர் முழுக்கச் சுவர் அடியில் விழும்.

ஏசி தனிக் கதை. அறையை 18 டிகிரியில் வைத்தால் மச்சுப் பலகை குளிர்ந்துபோகும். பலகைக்கு மேலே, ஓட்டுக்குக் கீழே இருப்பது நம்மூர் ஈரக்காற்று. அது குளிர்ந்த பலகையில் பட்டு வியர்க்கும். கீழே இருந்து பார்த்தால் பாலிஷ் போட்ட தேக்கு பளபளவென்றுதான் இருக்கும். ஒரு பலகையைக் கழற்றித் திருப்பினால் மேல் முகம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. 24 டிகிரிக்குக் கீழே போகாதபடி பூட்டி வையுங்கள். இப்போது வருகிற நட்சத்திர முத்திரை ஏசிகளில் தொடக்க அளவே அதுதான். மச்சுக்கு மேல் காற்று ஓட இரண்டு முனையிலும் திறப்பு விடுங்கள், வௌவால் புகாமல் வலை அடித்து.

சுவர் ஒன்றரை அடி கனம், கல்லும் சுண்ணாம்பும். மண்ணின் ஈரம் அதில் இரண்டு மூன்று அடி ஏறும், ஏறிய இடத்திலேயே காய்ந்தும் போகும். சிமெண்ட் பூசி எமல்ஷன் அடித்தால் அந்த ஈரம் வெளிவர வழியில்லாமல் இன்னும் மேலே ஏறி, கட்டில் தலைமாட்டுக்கு நேராக உப்புப் பூத்து வெடிக்கும். அதன்மேல் திரும்பத் திரும்பப் பெயிண்ட் அடிப்பது வீண் செலவு. சிமெண்டைக் கையுளியால் கொத்தி எடுத்து, ஒரு வெயில் காலம் சுவரை வெறுமனே விடுங்கள். பிறகு ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய ஆற்று மணல். கடல் மணல் கலந்தால் உப்பை நீங்களே உள்ளே வைத்த மாதிரி. ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் பூசக் கூடாது, ஒரு வாரம் நனைந்த சாக்கு தொங்க வேண்டும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் சேர்ப்பது நல்ல வழக்கம். கருப்பட்டி அளவு மீறினால் பூச்சு இறுகாது.

பெரிய தவறு நடப்பது குளியலறையில். மாடியறையில் மரத்தளத்தின் மேலேயே குளியலறை கட்டுகிறார்கள். கழிவறைக் குழாய்க்குப் பத்தடிக்கு மூன்று அங்குலம் சாய்வு வேண்டும். மரத்தளத்துக்குள் அந்த உயரம் கிடைக்காது, அதனால் தரையை உயர்த்துவார்கள். ஐம்பது சதுர அடிக்கு ஆறு அங்குலம் கான்கிரீட் நிரப்பினால் 1,700 கிலோ. பாத்டப்பும் தண்ணீரும் அதற்கு மேல். கீழே இருக்கிற அயினி மர உத்திரம் இதைச் சுமக்கவா போட்டது? பின்னால் தொழுத்து (மாட்டுக் கொட்டகை) இருந்த பக்கம் தனியாக ஒரு சாய்ப்பு இறக்கி எல்லாக் குளியலறையையும் அங்கே கொண்டுபோங்கள். அறையிலிருந்து அங்கே போக, வேலைப்பாடில்லாத ஒரு ஜன்னலைத் தரைவரை இறக்கினால் கதவாகிவிடும், மேல் உத்திரத்தைத் தொட வேண்டியதில்லை.

ஐயப்ப சீசன் முடிந்து அறைகளைப் பூட்டினால் குளியலறைத் தரை டிராப்பில், நாற்றத்தைத் தடுக்க நிற்கும் இரண்டங்குலத் தண்ணீர் வற்றிப்போய் சாக்கடை நாற்றம் நேரே அறைக்குள் வரும். ரூம் ஸ்பிரே அடிக்காதீர்கள். ஆள் இல்லாத அறையிலும் வாரம் ஒரு முறை ஒவ்வொரு டிராப்பிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்.

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹெரிடேஜ் வகைப்பாட்டுக்கு 1950க்கு முன் கட்டிய வீடாக இருக்க வேண்டும். வீடு எவ்வளவு பெரிது என்பது பிரச்சினை இல்லை. வில்லங்கம் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பழைய வீட்டுக்குப் பங்காளிகள் எங்கிருந்தெல்லாமோ வருவார்கள்.

கடைசியாகப் பக்கத்து வீடு. ஐந்து நட்சத்திரத் தரத்துக்கு ஆளொன்றுக்கு நாளைக்கு 320 லிட்டர் என்று கட்டட விதிகள் கணக்கிடுகின்றன. எட்டு அறை, பதினாறு பேர் என்றால் ஐயாயிரம் லிட்டருக்கு மேல் வரும், அதில் பெரும்பகுதி கழிவுநீர். உறிஞ்சு குழிக்கும் கிணற்றுக்கும் அறுபதடி இடைவெளி வேண்டும். கோட்டைக்குள் சுவரும் சுவரும் ஒட்டிய வீடுகளில் அறுபதடிக்குள் மூன்று வீட்டுக் கிணறு இருக்கும். அப்போது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்தான் வழி. அதில் காற்று ஊதும் புளோயர் ராத்திரி முழுக்க இரையும், அதை அடுத்த வீட்டுப் படுக்கையறைச் சுவரோடு ஒட்டி வைக்க முடியாது. பின்புறம் அதற்கு இடமில்லாத வீட்டை வாங்கிவிட்டால் ஹோட்டல் ஆசையை விட்டுவிட்டு நாலு அறை ஹோம்ஸ்டேயாக நடத்துங்கள்.