பைசா பாக்கி இல்லாமல்

(பாளையங்கோட்டையில் ஒரு வீட்டுத் திண்ணை. நெல்லை ஜங்ஷனில் ஓட்டல் கல்லாவில் அமர்ந்து ஓய்வுபெற்ற மாமாவும், சென்னையில் கணினி வேலை பார்க்கும் மருமகனும்.)

மருமகன்: மாமா, கூட்டமாக ஓட்டலுக்குப் போய்ச் சாப்பிட்டவர்கள் ஆளுக்கு எவ்வளவு தர வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்லும் கைபேசிச் செயலி ஒன்றை உருவாக்கி வருகிறேன். கல்லாவில் இருந்தவர் என்பதால் உங்கள் யோசனையைக் கேட்க வந்தேன்.

மாமா: மொத்தத்தைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துவிட்டால் தீர்ந்தது. அதற்கு எதற்கு மாப்பிள்ளை செயலி?

மருமகன்: அப்படி வகுத்ததால்தான் போன சாரல் சீசனில் மனத்தாங்கல் வந்தது. குற்றாலத்தில் குளித்துவிட்டு, செங்கோட்டைப் பக்கம் கேரள பார்டரில் புரோட்டா சாப்பிடப் போனோம். சைவமான சித்தப்பா இரண்டு புரோட்டாவைச் சர்க்கரை தொட்டுத் தின்றுவிட்டு எழுந்தார். மற்றவர்கள் கோழியை எலும்பு வரை விசாரித்தார்கள். எல்லோருக்கும் ஒரே பங்கு என்றதும், அவர் பணத்தைக் கொடுத்துவிட்டு ஊர் வந்து சேரும் வரை வாயைத் திறக்கவில்லை. ஆகவே என் செயலியில் பில்லைப் படம் எடுத்தால் ஒவ்வொரு பண்டமும் தனித்தனியாக விரியும். தான் உண்டதை அவரவர் தொட்டுக்காட்ட வேண்டும்.

மாமா: சால்னாவை யார் தொட்டுக்காட்டுவார்?

மருமகன்: சால்னாவுக்குத்தான் பில்லில் விலையே இல்லையே!

மாமா: விலை இல்லாததால்தான் கேட்கிறேன். புரோட்டாவின் விலைக்குள் சால்னாவின் விலையை ஒளித்துவைப்பதுதான் கல்லாவின் சாமர்த்தியம். இரண்டு புரோட்டாவை வைத்துக்கொண்டு அது மூழ்கும் வரை சால்னா கேட்பவனும், சர்க்கரை தொட்டுக்கொண்ட உன் சித்தப்பாவும் ஒரே விலையைத்தான் கொடுத்திருக்கிறார்கள். இந்த அநியாயத்தை உன் செயலி தட்டிக்கேட்குமா?

மருமகன்: அதை இரண்டாம் பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம், மாமா.

மாமா: வரியை எப்படிப் பிரிப்பாய்?

மருமகன்: மத்திய அரசுக்கு 2.5, மாநில அரசுக்கு 2.5, ஆக 5 சதவீதம். யார் எவ்வளவுக்கு உண்டாரோ அந்த விகிதத்தில் அவர் தலையில் ஏறும். உண்மையான சிக்கல் பைசாவில்தான் இருக்கிறது. சாப்பாடு 1,600 ரூபாய், வரி 80 ரூபாய், மொத்தம் 1,680 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒன்பது பேர் சமமாகப் பிரித்துக்கொள்ள விரும்பினால், ஆளுக்கு 186 ரூபாய் 66 பைசா வாங்கினால் ஆறு பைசா குறைகிறது. 67 பைசா வாங்கினால் மூன்று பைசா மிஞ்சுகிறது. எனவே ஆறு பேர் மட்டும் ஒரு பைசா கூடுதலாகத் தர வேண்டும்.

மாமா: எந்த ஆறு பேர்?

மருமகன்: செயலி குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கும்.

மாமா: தொலைந்தாய். உன் பெரியப்பா பெயர் வந்துவிட்டால், ‘ஒரு பைசாவுக்காக நான் ஏன் குலுக்கப்பட்டேன்’ என்று வீட்டு வாசலில் வந்து நிற்பார். 25 பைசா நாணயத்தையே 2011 ஜூனோடு செல்லாததாக்கிவிட்டார்கள். நீ ஒற்றைப் பைசாவுக்கு உயிர் கொடுக்கிறாயே!

மருமகன்: கைபேசியில் அனுப்பும்போது பைசாவும் செல்லும், மாமா. இன்னொரு வசதியும் உண்டு. ஒருவர் பெட்ரோல் போட்டிருப்பார், ஒருவர் புரோட்டாவுக்குக் கொடுத்திருப்பார், வேறொருவர் அறை வாடகை கட்டியிருப்பார். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, யாருக்கு வரவு, யாருக்குப் பற்று என்று நிகரத் தொகையை மட்டும் எடுத்துக்கொண்டால், ஒன்பது பேர் கணக்கும் அதிகபட்சம் எட்டே பணமாற்றங்களில் முடிந்துவிடும். போன முறை உங்கள் சகலை தர வேண்டிய தொகையை நேராக உங்கள் சம்பந்திக்கே அனுப்பச் சொல்லிவிட்டது.

மாமா: அடப்பாவி! அவர்கள் இருவருக்கும் வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை நின்று எத்தனை வருடம் ஆகிறது என்று உன் செயலிக்குத் தெரியுமா? பணம் போய்ச் சேர்ந்தால் ‘சமாதானத்துக்கு வந்துவிட்டான்’ என்று ஊர் பேசும்.

மருமகன்: அப்படியானால் ‘இவருக்கும் இவருக்கும் ஆகாது’ என்று முன்கூட்டியே குறித்துவைக்க ஓர் இடம் வைக்கிறேன். நடுவில் நீங்கள் வாங்கி அவரிடம் கொடுத்துவிட்டால் போதும்; ஒரு பணமாற்றம் கூடலாம், அவ்வளவுதான்.

மாமா: நம் சொந்தக்காரர்களுக்குக் குறிக்கத் தொடங்கினால், பணம் நேராகப் போக ஒரு வழியும் மிஞ்சாது. அது கிடக்கட்டும், கீழே பச்சையாக இருக்கும் இந்தப் பொத்தான் எதற்கு?

மருமகன்: ‘கணக்கைத் தீர்’ என்ற பொத்தான். அழுத்தினால் எல்லோர் பாக்கியும் பூஜ்ஜியமாகிவிடும்.

மாமா: அதை முதலில் எடுத்துவிடு. மொய் நோட்டைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? ஐந்நூறு எழுதியவன் வீட்டு விசேஷத்துக்கு ஆயிரம் எழுதுகிறோம். அவன் அடுத்ததற்கு இன்னும் ஏற்றி எழுதுகிறான். யாராவது ஒருவர் தர வேண்டியிருக்கும் வரைதான் பத்திரிகை வரும். பைசா சுத்தமாகத் தீர்த்துவிட்டால், ‘இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன்’ என்பதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

மருமகன்: சரி, பொத்தானைச் சிறியதாக்கி உள்ளே ஒளித்துவைக்கிறேன். கொடுக்காதவர்களிடம் கேட்பதுதான் இப்போது கடினம். முன்பெல்லாம் யு.பி.ஐ.யில் ஒருவர் இன்னொருவருக்குப் ‘பணம் கொடு’ என்று கோரிக்கை அனுப்பலாம். மோசடி பெருகியதால் 2025 அக்டோபர் முதல் தனிநபர்களுக்கிடையே அதை நிறுத்திவிட்டார்கள். ஆகவே என் செயலி நினைவூட்டல் மட்டும் அனுப்பும்.

மாமா: (குரலைத் தாழ்த்தி) பழைய தேதி போட்டுக் கணக்கு எழுத முடியுமா?

மருமகன்: தாராளமாக. கணினிகள் பொதுவாக 1970 ஜனவரி 1-ஐ வைத்துத்தான் நேரத்தை எண்ணுகின்றன. அதற்குப் பிந்தியது என்றால் சிரமமே இல்லை.

மாமா: 1991, ஆடி மாதம், குற்றாலம். உன் அப்பா பர்சை அறையிலேயே மறந்துவிட்டதாகச் சொன்னார். சாப்பாடு, எண்ணெய்த் தேய்ப்பு, திரும்பி வரும்போது வாங்கிய பலாப்பழம் எல்லாம் நான் கொடுத்தேன். அத்தானிடம் வாய்விட்டுக் கேட்பது முறையாகாது. அதனால் நினைவூட்டலைச் செயலியின் பெயரிலேயே அனுப்பு. நான் கேட்டதாகத் தெரியவே கூடாது.

மருமகன்: மாமா, அந்தக் குழுவில் இருப்பவர்கள் இரண்டே பேர். கேட்டவர் யார் என்று அப்பா எப்படிக் கண்டுபிடிக்காமல் இருப்பார்?

மாமா: அப்படியானால் உன்னையும் சேர்த்து மூவராக்கிவிடு.

மருமகன்: 1991-இல் நான் பிறக்கவே இல்லையே!

மாமா: அதனால் என்ன? உன் பங்கு பூஜ்ஜியம் என்று போட்டுக்கொள். பலாச்சுளை மட்டும் உன் அம்மாவுக்குப் போனது. அதை உன் அப்பா கணக்கிலேயே ஏற்றிவிடு.