பதினைந்து வயதில் நட்சத்திரம் தேடுபவர்களுக்கு

சிட்னியில் இருக்கும் உறவினர்கள் அனுப்பும் காணொளிகளால் எனக்குக் கொஞ்சக் காலமாக றக்பி லீக் பைத்தியம் பிடித்திருக்கிறது. மட்டக்களப்பில் இதைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பது கடினம். றக்பி என்றால் நம்மவர்களுக்குக் கண்டியும், றோயல், திரித்துவக் கல்லூரிகள் மோதும் பிரட்பி கேடயமும்தான் நினைவுக்கு வரும். அது பதினைந்து பேர் விளையாடும் யூனியன். லீக்கில் பதின்மூன்று பேர். பந்தோடு ஓடுகிறவனை மடக்கினால், அவன் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டிவிட ஆட்டம் தொடரும். ஆறு தடவை மடக்கிவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். நிந்தவூரைச் சேர்ந்த ஒரு கபடிக்கார நண்பரிடம் காட்டினேன். சற்று நேரத்தில் அவர் எனக்கே விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டார்.

விடயம் அதுவல்ல. ஒவ்வொரு பருவமும் தொடங்கும்போது அங்கே ஒரு சடங்கு நடக்கிறது. கழகங்களின் இளையோர் பயிற்சிக்கூடங்களில் இருக்கும் பிள்ளைகளைப் பட்டியலிட்டு, “இவன்தான் அடுத்தவன்” என்று ஆரூடம் சொல்கிறார்கள். நியூ சவுத் வேல்ஸில் 17 வயதுக்குட்பட்டோருக்கு ஹரோல்ட் மத்யூஸ் கிண்ணம், 19 வயதுக்குட்பட்டோருக்கு எஸ்.ஜி. போல் கிண்ணம், 21 வயதுக்குட்பட்டோருக்கு ஜேர்சி ஃப்ளெக் என்று படிகள் இருக்கின்றன. முதற்படியில் கால் வைத்த பையனுக்கே முகவர் இருக்கிறார், ரசிகர் கூட்டம் இருக்கிறது, அவனைத் திட்டுவதற்கும் ஆள் இருக்கிறது. எனக்கு இது அருவருப்பாக இருக்கிறது. பிள்ளைகள் மீது அல்ல, பட்டியல் போடும் பெரியவர்கள் மீதுதான் கோபம்.

என் தங்கை குடும்பம் மேற்குச் சிட்னியில் இருக்கிறது. மருமகன் அங்கே ஒரு சிறிய கழகத்துக்கு விளையாடுகிறான். நவம்பரில் பிறந்தவன், மெலிந்த உடம்பு. பெரிய கழகம் ஒன்றின் தெரிவுக்குப் போனபோது எடுத்த காணொளி என்னிடம் இருக்கிறது. எதிரணியில் ஒருவனுக்கு மீசை அரும்பிவிட்டது. கழுத்தும் தோளும் ஒன்றாகிவிட்ட உடம்பு. அவன் பந்தோடு வருகிறான். மருமகன் நெஞ்சுக்குப் போகவில்லை, இரண்டு முழங்கால்களையும் கட்டிப்பிடித்துத் தலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டான். நாலைந்து எட்டு இழுபட்டுப் போய் ஒருவாறு விழுத்தினான். மற்றவன் எழுந்து பந்தை உருட்டுவதற்குள் தன் வரிசைக்கு ஓடிவந்து நின்றுவிட்டான். இந்த விளையாட்டில் இதுதான் பாதி வித்தை. மீசைக்காரனைத் தெரிவு செய்தார்கள். மருமகனிடம் “அடுத்த வருடம் கொஞ்சம் வளர்ந்து வா” என்றார்கள். வளர்வது பிள்ளையின் கையிலா இருக்கிறது?

என் மருமகன் என்பதால் பரிந்து பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவன் பெரிய வீரனாக வருவான் என்று நான் நம்பவும் இல்லை. ஆனால் இதே காரணத்துக்காக ஒதுக்கப்பட்டவர்களின் வரலாறு இந்த விளையாட்டில் நீளமானது. அவுஸ்திரேலிய வீரர் ஜொனத்தன் தேர்ஸ்டனை உடம்பு போதாது என்று கழகங்கள் கைவிட்டன. 2002இல் புல்டோக்ஸ் கழகம் களமிறக்கியது. பிறகு நோர்த் குயின்ஸ்லாந்து கவ்போய்ஸுக்குப் போய், அவுஸ்திரேலியப் போட்டித் தொடரின் சிறந்த வீரருக்கான டாலி எம் பதக்கத்தை நான்கு முறை வென்றார். 2015 இறுதிப் போட்டியில் மேலதிக நேரத்தில் அவர் உதைத்த ஒற்றைப் புள்ளியால்தான் கவ்போய்ஸ் 17க்கு 16 என்று கிண்ணத்தைத் தூக்கியது.

இங்கிலாந்தில் ரொப் பரோ. உயரம் 165 சென்டிமீற்றர். நம் ஊர்ப் பேருந்தில் எழுந்து நின்றால் கூரை இடிக்காத உயரம்! லீட்ஸ் ரைனோஸ் கழகத்தின் இளையோர் அணியிலிருந்து வந்து, 2001 முதல் 2017 வரை அதே கழகத்துக்கு மட்டுமே விளையாடி, எட்டு முறை சம்பியன் ஆனார். 2011 இறுதிப் போட்டியில் சென் ஹெலன்ஸுக்கு எதிராக அவர் போட்ட ட்ரையை (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த் தரையில் வைப்பது) தேடிப் பாருங்கள்: தடுக்க வந்தவரின் கைக்குக் கீழே குனிந்து புகுந்து, பிறகு பிடிக்க ஆளில்லாமல் ஓடுவார். நரம்பு நோயோடு போராடி 2024 ஜூனில், 41 வயதில் காலமானார். ஒரு நகரமே அழுதது. சிறுவயதில் அவரைப் பார்த்து “இவன் சின்னவன்” என்று சொன்னவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! லீட்ஸில் யாரோ ஒருவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

இது வெறும் கதை அல்ல. இங்கிலாந்தின் றக்பி லீக் இளையோர் தெரிவுகளைப் பற்றிய ஆய்வுகள், வயதுப் பிரிவின் முதற்காலாண்டில் பிறந்தவர்களும் விரைவாகப் பருவமடைந்த பையன்களும் அளவுக்கு மீறித் தெரிவாவதைக் காட்டியிருக்கின்றன. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் நின்றால், பதினான்கு வயதில் அந்தப் பதினொரு மாதம் மலையும் மடுவும். இருபத்திரண்டு வயதில் அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. (பரோ செப்டெம்பரில் பிறந்தவர். இங்கிலாந்தில் கணக்கு செப்டெம்பரில்தான் தொடங்குகிறது. ஆகவே தன் பிரிவில் மூத்தவர்களில் ஒருவராக இருந்தும் சிறியவராகவே இருந்தார். பிறந்த மாதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கவும் கூடாது.) நியூசிலாந்தில் இளையோருக்கு எடை வரம்பு வைத்த பிரிவுகளும் இருக்கின்றன. கபடியில் எடை பார்த்துப் பிள்ளைகளை இறக்குவது நமக்குப் புதிதல்ல. கூடைப்பந்திலும் உதைபந்திலும் மட்டும் ஏன் அந்தப் புத்தி வருவதில்லை?

பயிற்சிக்கூடங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேற்குச் சிட்னியின் பென்ரித் பான்தர்ஸ் கழகத்தைப் பாருங்கள். 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு முறை சம்பியன். ஜெரோம் லுவாய், பிரயன் டோ, ஸ்டீவன் கிரைட்டன் மூவரும் மவுண்ட் ட்ரூயிட் பக்கத்துப் பிள்ளைகள். வசதி குறைந்த பகுதி அது. வெளியூரிலிருந்து ஆள் வாங்கி அந்த அணியைக் கட்டவில்லை; பக்கத்துத் தெருக்களில் விளையாடிய பிள்ளைகளை வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேதன் கிளியரி போன்றவன் பதினெட்டு வயதிலேயே முதலணிக்கு ஆடியதும் உண்மைதான். சிலர் முன்னரே பழுக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்களை எல்லோருக்கும் தெரியும். மற்றவர்களைக் கண்டுபிடிக்கத்தான் பயிற்றுநர் தேவை.

இனி நம் ஊருக்கு வருகிறேன். வலயமட்டத் தெரிவு நடக்கும் நாளில் வெபர் மைதானத்தின் ஓரத்தில் நின்று பாருங்கள். 16 வயதுக்குட்பட்ட பிரிவில் யார் உயரம், யார் பருமன் என்பதைக் கண்ணாலேயே அளந்து முடித்துவிடுகிறார்கள். பிள்ளை பந்தை வாங்குமுன் அடுத்தவனைத் திரும்பிப் பார்க்கிறானா, தோற்கும்போது வாய் மூடுகிறானா அல்லது கூப்பிட்டுக் கூப்பிட்டு விளையாடுகிறானா என்று யாரும் பார்ப்பதில்லை. பெரியவன் வென்று கொடுக்கிறான், பாடசாலைக்குக் கேடயம் வருகிறது, அதிபருக்கும் மகிழ்ச்சி. இரண்டு வருடத்தில் மற்றவர்களும் வளர்ந்துவிடுவார்கள். உடம்பை வைத்தே வென்று பழகியவனுக்கு அப்போது கையில் வித்தை இருக்காது, அவனும் விட்டுவிடுகிறான். சின்னவன் முன்னரே போய்விட்டான். இடையில் சாதாரண தரப் பரீட்சை வேறு. “விளையாட்டை மூட்டை கட்டு” என்று வீட்டில் சொல்வதற்கு அதைவிட நல்ல சாட்டு கிடைக்குமா? இரண்டு பேரையும் இழந்துவிட்டு, மட்டக்களப்பில் திறமை இல்லை என்று பேசுகிறோம்.

ஆளும் இடமும் மாறாமல் இருப்பதன் பெறுமதி இந்த ஊருக்குத் தெரியாததல்ல. அந்த மைதானம் பெயர் தாங்கி நிற்கும் வெபர் அடிகளாரும், புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய ஹெபர்ட் அடிகளாரும் அமெரிக்காவிலிருந்து வந்த யேசுசபைக் குருமார். பருவத்துக்குப் பருவம் மாறிப்போகும் பயிற்றுநர்கள் அல்லர்; பல்லாண்டு இங்கேயே இருந்தார்கள். ஹெபர்ட் அடிகளார் 1990 ஓகஸ்ட் மாதம் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமல் ஆக்கப்பட்டார். அவரிடம் பழகியவர்கள் இன்றும் அவரைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒரு பிள்ளையைப் பன்னிரண்டிலும் பார்த்து, பதினெட்டிலும் பார்ப்பவருக்குத்தான் அவன் எப்படி வளர்கிறான் என்று தெரியும். இன்று விளையாட்டு ஆசிரியருக்கு இடமாற்றம் வந்தால், அவர் மனதில் வைத்திருந்த பெயர்களும் அவரோடு பஸ் ஏறிவிடுகின்றன.

ஆகவே விளையாட்டு ஆசிரியர்களிடமும் கழகக்காரர்களிடமும் கேட்பது சிறிய விடயம். தெரிவுப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த மாதத்தையும் எழுதுங்கள். கழித்துவிட்ட பிள்ளைகளின் பெயர்களை இன்னொரு தாளில் எழுதி, நீங்கள் கண்ட ஒரு நல்ல குணத்தையும் குறித்து, அந்தத் தாளைப் பாடசாலையிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் அந்தப் பெயர்களைக் கூப்பிட்டு மறுபடி பார்க்கட்டும். இதற்குப் புது மைதானம் தேவையில்லை, அமைச்சரிடம் மகஜர் கொடுக்கவும் தேவையில்லை. எங்கள் கழகத்தில் வருகிற ஜனவரியிலிருந்து இதைச் செய்வதாகப் பேசியிருக்கிறோம். கல்முனை, ஏறாவூர்ப் பக்கத்தில் யாராவது ஏற்கனவே இப்படி ஒன்றைச் செய்துகொண்டிருந்தால் கீழே எழுதுங்கள், வந்து பார்க்க விரும்புகிறேன்.